சிறிய லேத்தில் நீண்ட கால்கள்: கேள்வி-பதில்

மேசைக்கு 70 செ.மீ. கால் வேண்டும். என் லேத்தில் (மரம் கடையும் இயந்திரம்) கட்டையை இரு முனைகளிலும் தாங்கும் சென்டர்களுக்கு இடையே 45 செ.மீ.தான் உள்ளது. வழி உண்டா?

இரண்டு துண்டுகளாகக் கடைந்து இணையுங்கள். மணியும் (புடைத்த வளையம்) பள்ளமும் (உள்வாங்கிய வளைவு) சந்திக்கும் இடத்தில் இணைப்பு அமைந்தால் கோடு நிழலில் மறைந்துவிடும். தடித்த துண்டில் லேத்திலேயே 20 மி.மீ. துளையிட்ட பிறகு, அதற்குப் பொருந்தும்படி மற்றதில் 40 மி.மீ. நீளத்துக்கு முளை கடையுங்கள். முளையில் நீளவாக்கில் ஒரு கீறல் இல்லாவிட்டால் அடைபட்ட காற்றும் பசையும் அதை அடிவரை இறங்க விடா. இரு துண்டுகளையும் ஒரே கட்டையிலிருந்து அறுத்தால்தான் ரேகை தொடரும்.

நாற்காலிக்கான மரக் கம்பி நடுவில் அதிர்ந்து, திருகு திருகாகத் தடம் விழுகிறது. கட்டையின் மறுமுனையை அழுத்திப் பிடிக்கும் டெயில்ஸ்டாக்கை முழு பலத்துடன் இறுக்கியும் குறையவில்லை.

இறுக்கியதால்தான் குறையவில்லை. இதை எத்தனை முறை எழுதினாலும் அதே கடிதம் மீண்டும் வருகிறது. மெல்லிய கம்பியை இரு முனைகளிலும் நெருக்கினால் அது வில்லாக வளைகிறது. வளைந்தது சுழலும்போது உளியிலிருந்து விலகுவதும் திரும்பி வந்து மோதுவதுமாகத் தடத்தை உண்டாக்குகிறது. சென்டர் நழுவாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். கட்டையைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக் பக்கத்து முனையை, தாடைகளால் கவ்வும் சக்கில் பிடித்தால் அந்த அழுத்தமும் பெரிதாகத் தேவைப்படாது. முனைகள் தடிமனாக இருக்கும்போதே நடுப்பகுதியைக் கடைந்து முடித்துவிடுங்கள். உளியைப் புதிதாகத் தீட்டி, சீவலை மெல்லியதாக எடுங்கள். மழுங்கிய உளியை அழுத்துகிறவருக்கு எந்த இயந்திரமும் உதவாது. நீளம் தடிமனைப்போல் ஏறத்தாழ 15 மடங்கைத் தாண்டினால் கம்பியை நடுவில் சக்கரங்களால் தாங்கும் ஸ்டெடி ரெஸ்ட் வைத்தே ஆகவேண்டும். அதன் சக்கரங்கள் ஓட, நடுவில் முதலில் ஒரு பட்டையை உருண்டையாகக் கடைந்துகொள்ளுங்கள். உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட்டையோ ஸ்டெடி ரெஸ்ட்டையோ நகர்த்துமுன் இயந்திரத்தை நிறுத்துங்கள்.

வேகம் எவ்வளவு?

5 செ.மீ. சதுரக் கட்டை உருண்டையாகும்வரை நிமிடத்துக்கு 800 சுற்று, பிறகு 1,500, அதிர்ந்தால் குறையுங்கள்.

கடைந்த கால் வெடித்துவிட்டது. ஏன்?

என்ன மரம், எத்தனை நாள் உலர்ந்தது, வெடிப்பு முனையிலா நடுவிலா என ஒன்றையும் எழுதாமல் காரணம் கேட்கிறீர்கள். ஈரமாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். அதற்குமேல் வேண்டுமானால் விவரங்களோடு எழுதுங்கள்.

நான்கு கால்களும் ஒன்றுபோல் வருவது எப்படி?

மணி, பள்ளம் ஆகியவற்றின் இடங்களை ஒரு மெல்லிய பட்டியில் குறித்து அதையே நான்குக்கும் பயன்படுத்துங்கள். விட்டங்களைக் காலிப்பரால் சரிபாருங்கள்.

உப்புத்தாள் போடும்போது டூல் ரெஸ்ட் இருக்கலாமா?

கூடாது, விரல் இடையில் சிக்கும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு அதைக் கழற்றுங்கள்.