முட்டை போனது பகலிலா, இரவிலா?

கேள்வி: கொழும்புக்குப் பக்கத்தில் வெல்லம்பிட்டியில் 20 பேர்ச் காணியில் 12 கோழிகளும் கொஞ்சம் கீரையும் வைத்திருக்கிறேன். பின்பக்கம் சதுப்பு நிலம். ஒரு மாதமாக முட்டைகள் காணாமல் போகின்றன. போன கிழமை ஒரு பேடும் போய்விட்டது. கபரகொய்யா (பெரிய நீர் உடும்பு) ஒன்று அடிக்கடி வருகிறது. நஞ்சு வைக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். என்ன செய்யலாம்?

பதில்: தயவுசெய்து நஞ்சு வைக்க வேண்டாம். முதலில், எது எந்த நேரத்தில் போனது என்று யோசித்துப் பாருங்கள். கபரகொய்யா பகலில்தான் இரை தேடும், வெயிலில் உடம்பு சூடேறிய பிறகு. முட்டையை அப்படியே விழுங்கிவிடும், கோதுகூட மிஞ்சாது. கொத்திய கோது பக்கத்திலேயே கிடந்தால் காகத்தைச் சந்தேகியுங்கள். கீரியும் பகலில்தான் வரும்.

பேடு இரவில் போயிருந்தால் கபரகொய்யாவின் மேல் பழி போடாதீர்கள். அது மரநாயாகவோ மீன்பிடிப் பூனையாகவோ இருக்கலாம். மாலையில் கூட்டைச் சுற்றி மண்ணை நனைத்துத் தட்டிச் சமப்படுத்திவிட்டுக் காலையில் பாருங்கள். மீன்பிடிப் பூனையின் தடம் வீட்டுப் பூனையினதைவிட நன்றாகப் பெரிதாக இருக்கும். கபரகொய்யா பகலில் வந்து போன இடத்தில் நகத் தடங்களுக்கு நடுவே வால் இழுபட்ட கோடு தெரியும்.

ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்கான ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் கீழ் கொழும்பு 2018இல் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. அந்த ஈரநிலங்களில் மீன்பிடிப் பூனை இன்னும் பிழைத்திருக்கிறது. உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள விலங்கு உங்கள் வேலிக்குப் பின்னால் நடமாடக்கூடும் என்பது எனக்குப் பெரிய விஷயமாகவே படுகிறது.

சரி, கூட்டுக்கு வருவோம். அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். மரநாய் அதைக் கிழித்துவிடும், கீரிக்குஞ்சு கண்ணுக்குள்ளாலேயே நுழைந்துவிடும். ஹாட்வெயார் கடையில் அரை அங்குலக் கண் உள்ள, வெல்டிங் செய்த கம்பிவலை கேளுங்கள். சுவரோடு நிறுத்தாமல் கூரையின் கீழ் இடைவெளியையும் மூடுங்கள், மரநாய் மேலால்தான் வரும். அடியில் வலையை வெளிப்பக்கமாக மடித்து ஒன்றரை அடி அகலத்துக்கு மண்ணுக்குள் புதையுங்கள். தோண்ட வரும் விலங்கு சுவரோரம்தான் தோண்டும். வலை தட்டினால் விட்டுவிடும். கதவுக்குச் சுழல் கட்டை போதாது, கொளுக்கி போடுங்கள். பொழுது சாயும்போது கோழிகளை அடைத்துவிடுங்கள். பெரும்பாலான கோழிகள் காலையில் முட்டையிடும், ஆகவே மத்தியானத்துக்குள் எடுத்துவிட்டால் பகல் திருட்டும் குறையும்.

இரவில் தீனைத் திறந்து வைக்காதீர்கள். தீனுக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். சாரைப்பாம்பைக் கண்டால் விட்டுவிடுங்கள், அது எலி பிடிக்கும். நஞ்சு வேண்டாம் என்பதற்கும் காரணம் இதுதான். நஞ்சு தின்ற எலியைப் பிடிக்கும் கூகை, பருந்து, பக்கத்து வீட்டு நாய் எல்லாமே சாகலாம். அதோடு கபரகொய்யாவும் மீன்பிடிப் பூனையும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. கொல்வதும் பொறி வைப்பதும் குற்றம்.

கீரைப் பாத்தியில் செண்பகம் நடந்தால் விரட்டாதீர்கள், நத்தைகளைத் தின்கிறது. மற்றப் பறவைகளுக்கு வலை போடுவதென்றால் மரச்சட்டம் அடித்து இறுக்கமாகக் கட்டுங்கள். தொங்கும் நைலோன் வலையில் பறவையும் பாம்பும் சிக்கிச் சாகும்.

உங்கள் பகுதிக்கு 2016 மே மாதத்தில் வந்தது போன்ற வெள்ளம் வந்தால் விலங்குகள் மேட்டைத் தேடி வரும். அப்போது கோழிக்கூட்டை உயரத்தில் வைத்து, வந்த விலங்குக்குப் போக வழி விட்டு ஒதுங்குங்கள். மூலையில் மடக்கினால்தான் கபரகொய்யா வாலால் அடிக்கும், கடிக்கும். கீரியோ மரநாயோ கடித்தாலும் கீறினாலும் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நோய்த் தடுப்பூசி தேவையா என்று அவர்கள் பார்ப்பார்கள். காயப்பட்ட விலங்கைக் கண்டால் கையால் தொடாமல் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு 1992 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்துச் சொல்லுங்கள்.