ஹாலில் படுத்துக்கொள்கிறேன்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 38. 2021 மே மாதம் கொரோனா வந்து, ஆஸ்பத்திரியில் ஆறு நாள் ஆக்ஸிஜனும் ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். வீடு திரும்பி நாலு மாதமாகிறது. ஜூலையில் மனைவியுடன் சேர்ந்தபோது பாதியிலேயே விறைப்பு போய்விட்டது. அடுத்த இரண்டு முறையும் அப்படித்தான். காலையில் எழும்போது மட்டும் சில நாள் இருக்கிறது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டும் பலனில்லை. ஆபீஸ் வேலை என்று சொல்லி ஹாலில் படுத்துக்கொள்கிறேன். "என்னைப் பிடிக்கலையா?" என்று கேட்டுவிட்டாள். ஆண்மை போய்விடும் என்று சிலர் சொன்னதால் கொரோனா தடுப்பூசியும் போடவில்லை.

– பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

அன்புள்ள சகோதரருக்கு,

காலை விறைப்பைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். ரத்தக்குழாயும் நரம்பும் ஓரளவு நன்றாக இருந்தால்தான் அது வரும். மனைவியின் அருகில் மட்டும் போய்விடுகிறது என்றால் பயத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 'இன்றைக்காவது நிற்குமா' என்று மனம் வேவு பார்க்கத் தொடங்கியதும் அட்ரினலின் சுரந்து, உறுப்புக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களைச் சுருக்கிவிடும்.

அதற்காக உடம்பைக் கவனிக்காமல் விடாதீர்கள். கொரோனா கிருமி ரத்தக்குழாய்களின் உட்சுவரைப் பாதிக்கக்கூடியது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கொழுப்பு, ரத்த அழுத்தம் பாருங்கள். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனுக்குக் காலை 10 மணிக்குள் ரத்தம் கொடுங்கள்; மதியத்துக்கு மேல் அளவு இறங்கியிருக்கும்.

விறைப்புக்காக விற்கும் சில்டனாஃபில் (வயாகரா) வகை மாத்திரை ஆசையை உண்டாக்காது. தொடுதலும் கிளர்ச்சியும் இருந்தால்தான் வேலை செய்யும். கொழுப்பான சாப்பாட்டுக்குப் பின் போட்டால் தாமதமாகும். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் இதைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவு சரிந்துவிடும். டாக்டர் சீட்டில்லாமல் இனி வாங்காதீர்கள். லாட்ஜில் ரூம் போட்டு 'இளமை லேகியம்' விற்பவர்களிடமும் போகாதீர்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இரண்டு மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்போ நெஞ்சுவலியோ வருகிறதா? வந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். வராவிட்டால் இரண்டு வாரம் இப்படிச் செய்யுங்கள். வாரம் மூன்று நாள், அரை மணி நேரம், கதவைத் தாழிட்டு, ஒருவர் மாற்றி ஒருவர் தொடுங்கள். முதல் வாரம் தலை, முதுகு, கை, கால் மட்டும். அடுத்த வாரம் மார்பும் பிறப்புறுப்பும் சேரலாம். உடலுறவு மட்டும் இரண்டு வாரமும் கிடையாது. விறைப்பு வந்தாலும் போனாலும் கண்டுகொள்ளாதீர்கள். போனது திரும்பி வருவதை நீங்களே பார்ப்பீர்கள். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: நாலாம் நாள் நன்றாக விறைத்ததும், போய்விடுவதற்குள் முடித்துவிடலாம் என்று அவசரப்படுவார்கள். அந்த அவசரத்தில் பழைய பயம் திரும்பிவிடும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால், இரவு 11 மணிக் களைப்பில் முயலாமல், அவர்கள் வகுப்பில் இருக்கும் நேரத்தைப் பாருங்கள்.

தடுப்பூசியால் ஆண்மை போகும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. குணமாகி 3 மாதம் கழித்துப் போடலாம் என்பது 2021-ல் அரசு விதி, உங்களுக்கு அந்த 3 மாதம் கடந்துவிட்டது. இந்த வாரமே போடுங்கள்.

காலை விறைப்பும் நின்றுபோனால், அல்லது 8 வாரத்தில் மாற்றம் இல்லையென்றால், யூராலஜிஸ்ட்டை (சிறுநீர்ப்பாதை, ஆணுறுப்பு மருத்துவர்) பாருங்கள்.

இன்றிரவு ஹாலுக்குப் போகாதீர்கள். "உன்மேல் ஆசை குறையலைம்மா, முடியாமப் போயிடுமோன்னு பயம், அதான் ஒதுங்கினேன்" என்று அவரிடம் சொல்லுங்கள். பரிசோதனைக்கும் இருவருமாகவே போய் வாருங்கள்.