மூளை ஸ்பெக்ட்ரின்: வாசகர் கேள்விகள்

செல் சவ்வை உள்ளிருந்து தாங்கும் நீளமான புரதம் ஸ்பெக்ட்ரின். ஆல்ஃபா, பீட்டா என இருவகைச் சங்கிலிகள் கொண்டது. அதைப் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுக்கும் முறை பற்றி வந்த கேள்விகள் இவை.

பன்றி மூளைதான் வேண்டுமா? ஆட்டு மூளை ஆகாதா?
- தென்காசி வாசகர்

தாராளமாக ஆகும். இரத்தமும் மேலுறையும் போக, குளிர்ந்த உப்புக் கரைசலில் நன்றாகக் கழுவுங்கள். இரத்தம் நின்றால் சிவப்பணு ஸ்பெக்ட்ரினும் கூடவே வரும்.

புரதங்களை எடைப்படி பிரிக்கும் ஜெல்லில் 240 கிலோடால்டனில் பட்டை மங்கல், 150இல் பளிச்சென்று இருக்கிறது. எந்த பஃபரை மாற்றலாம்?
- பாளையங்கோட்டை ஆய்வு மாணவி

பஃபரை விடுங்கள். மூளையை வெட்டி எடுத்து எவ்வளவு நேரத்தில் ஐஸில் வைத்தீர்கள்? கடிதத்தில் அதுதான் இல்லை. இதே கேள்வி மாதந்தோறும் வருகிறது. விசாரித்தால் பதிலும் ஒன்றுதான். மேலப்பாளையத்தில் வாங்கிய மூளை, வெறும் பாலிதீன் பையில், சித்திரை வெயிலில், ஜங்ஷனில் பஸ் மாறி ஆய்வகத்துக்கு வந்திருக்கும். செல் சாகும்போது கால்சியம் உள்ளே பாய்கிறது, கால்பெயின் என்ற புரதம் வெட்டும் நொதி விழித்துக்கொள்கிறது, 240 கிலோடால்டன் ஆல்ஃபா சங்கிலியை நட்டநடுவில் வெட்டுகிறது. அந்தத் துண்டுதான் உங்கள் 150. பக்கவாதத்தில் சேதமடைந்த மூளையில் ஆய்வாளர்கள் தேடுவதும் இதையேதான். வெட்டுப்பட்டதை எந்த பஃபரும் ஒட்டவைக்காது. ஐஸ் பெட்டியோடு கடைக்குப் போங்கள். தலையைப் பிளக்கும்போதே பக்கத்தில் நில்லுங்கள். அரைக்கும் கரைசலில் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஈஜிடிஏ, கால்பெயினைத் தடுக்கும் லியூபெப்டின் இரண்டும் இருக்கட்டும். வேறு வகை நொதிகளைத் தடுக்கும் பிஎம்எஸ்எஃப் மட்டும் போட்டால் கால்பெயின் அடங்காது. அந்த பிஎம்எஸ்எஃப்பும் காரத்தன்மையுள்ள நீரில் அரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். காலையில் கலந்ததை மாலையில் ஊற்றாதீர்கள்.

ஐஸ் ஐஸ் என்கிறீர்கள், பிரித்தெடுப்பதோ 37 டிகிரியில். முரண் இல்லையா?
- அம்பாசமுத்திரம் ஆசிரியர்

நல்ல கேள்வி. கழுவிய சவ்வை, உப்புக் குறைந்த, ஈஜிடிஏ உள்ள கரைசலில் அரை மணி நேரம் மட்டுமே சூடாக்குகிறோம். கால்சியம் இல்லாமல் கால்பெயினுக்கு வேலை இல்லை. சிவப்பணு ஸ்பெக்ட்ரின் அந்தச் சூட்டில் இரண்டிரண்டாகப் பிரியும். மூளையினது நான்கு சங்கிலியாகவே நிற்கும். முடிந்ததும் மறுபடி ஐஸ்.

மூளை ஸ்பெக்ட்ரினுக்கு எதிராக முயலில் எடுத்த எதிர்ப்பொருள் சீரம் கல்லீரலிலும் பட்டை காட்டுகிறது. வீணா?
- சங்கரன்கோவில் வாசகர்

வீணில்லை. அந்த ஆல்ஃபா சங்கிலி பெரும்பாலான திசுக்களில் உண்டு. நரம்புக்கென்று வேண்டுமானால் பீட்டா வகைகளில் தேடுங்கள். நரம்பு செல்லின் நீண்ட இழையான ஆக்ஸானின் தொடக்கப் பகுதிக்கு பீட்டா 4.

எதிர்ப்பொருள் வேலை செய்யவில்லை, ஏன்?
- பெயர், ஊர் இல்லை

எந்த விலங்கு, எத்தனை ஊசி, ஊசிக்கு முந்தைய சீரம் எடுத்து வைத்தீர்களா? எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். விலங்கு நெறிக்குழு அனுமதி இல்லாமல் முயலைத் தொட்டிருந்தால் எழுதவே வேண்டாம்.

எத்தனை சதவீத ஜெல்?
- கடையநல்லூர் மாணவர்

6 சதவீதம். பத்தில் ஓட்டினால் ஆல்ஃபாவின் 240உம் பீட்டாவின் 235உம் மேலேயே நின்று ஒரே பட்டையாகத் தெரியும்.