கெண்டைக் குளத்தில் விரால் விடலாமா?

கேள்வி: ஒரு ஏக்கர் குளத்தில் சாணமும் தவிடும் போட்டு கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கிறோம். விராலுக்கு நல்ல விலை இருக்கிறது. அதே குளத்தில் அதையும் விட்டால் தனித் தீவனம் இல்லாமல் வளருமா?
– திருவாரூர் மாவட்ட வாசகர்

பதில்: வளரும். உங்கள் கெண்டைக் குஞ்சுகளைத் தின்றுதான் வளரும்.

குளத்துக்கு முக்கிய வரவு வெயில். அதைப் பிடித்து உணவாக்குவது தண்ணீரைப் பச்சையாக்கும் நுண்பாசி. பாசியை மிதவைப் பூச்சிகள் (நீரில் மிதக்கும் மிகச் சிறு உயிரிகள்) தின்கின்றன. அவற்றைக் கட்லா வடிகட்டித் தின்கிறது. ஒவ்வொரு படியிலும் தின்ற சக்தியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் சதையாகச் சேரும். மீதியில் பெரும்பகுதி மூச்சுக்கும் நீச்சலுக்கும் செலவாகி வெப்பமாகப் போய்விடும், திரும்பாது. செரிக்காதது கழிவாக அடியில் படியும். அந்தப் பத்து சதவீதமும் கறாரான கணக்கில்லை, 5 முதல் 20 வரை மாறும்.

பத்து என்றே வைத்துப் பாருங்கள். தின்னப்பட்ட பாசியில் 1,000 பங்கு சக்தி இருந்தால், பாசியை நேரே தின்னும் வெள்ளிக்கெண்டையில் 100 பங்கு சேரும். இடையில் பூச்சி புகுந்தால் கட்லாவில் 10. அந்தக் கட்லாவைத் தின்ற விராலில் 1. விராலுக்குக் கட்லாவைவிடப் பத்து மடங்கு விலை கிடைத்தால் மட்டுமே கணக்கு நேராகும்.

அதற்குப் பதில் வெள்ளிக்கெண்டை கொஞ்சம் சேருங்கள். அளவு மீறினால் கட்லாவை அமுக்கிவிடும். புல்கெண்டையும் நல்லது. அது தின்ற புல்லில் ஏறக்குறைய பாதி செரிக்காமலே வெளியேறும், அது குளத்துக்கு உரம். அடியில் மக்குவதை மிர்கால் மேயும். விரால்தான் வேண்டுமென்றால் தனிக் குளம், தனித் தீவனம்.

வாய்க்கால் தண்ணீரோடு விரால் தானாகவே வரும். மடையில் நெருக்கமான வலை கட்டுங்கள். ஏற்கெனவே புகுந்திருந்தால், குஞ்சு விடுமுன் குளத்தைக் காயப்போடுவதே நல்லது. காய வைக்க முடியாத இடத்தில் ஒரு மீட்டர் ஆழமுள்ள ஏக்கருக்கு 1,000 கிலோ இலுப்பைப் புண்ணாக்கு போட்டு உள்ளே இருக்கும் மீன்களைக் கொன்று, மூன்று வாரம் கழித்துக் குஞ்சு விடலாம்.

கேள்வி: பாசிதான் அடிப்படை என்றால் சாணத்தைக் கூட்டினால் போதாதா? கூட்டிய பிறகு விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கின்றனவே?
– கடலூர் மாவட்ட வாசகர்

பதில்: சாணம் பாசிக்குத் தழைச்சத்தும் மணிச்சத்தும் தரும், வெயிலைக் கூட்டாது. பாசி அடர்ந்தால் மேல்பாசி நிழலில் கீழ்ப்பாசி சாகும். இரவில் பாசியும் மூச்சுவிடும், அடியில் மக்கும் சாணமும் பிராணவாயுவை இழுக்கும். அதனால் விடியும் முன்தான் அது மிகக் குறைவு. மேகமூட்டமான நாளுக்கு மறுநாள் இன்னும் மோசம்.

காலை பத்து மணி வெயிலில் உள்ளங்கையை விரித்து முழங்கை வரை நீரில் இறக்குங்கள். முழங்கை நனையும்போது உள்ளங்கை மறைந்தால் பாசி சரியான அளவில் இருக்கிறது. மணிக்கட்டு நனையும்போதே மறைந்தால் சாணத்தை உடனே நிறுத்தி, புதுத் தண்ணீர் விடுங்கள். மீன் வாய் திறக்கும் நாளில் தவிடும் போடாதீர்கள். மோட்டாரால் தண்ணீரை உயரத்திலிருந்து சிதறி விழச் செய்யுங்கள்.