641 உடைத்த எண்: கேள்வி பதில்

உயர்தர வகுப்புக் கரும்பலகையில் 4294967297 என்று எழுதி, “இது முதன்மை எண்ணா, அதாவது 1ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடுமா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன். திருகோணமலையின் நாலா பக்கமிருந்தும் கேள்விகள் வந்துவிட்டன.

இந்த எண்ணை எங்கிருந்து பிடித்தீர்கள், சேர்? (மாணவி, உப்புவெளி)

3இல் தொடங்குங்கள், மகள். 1ஐக் கழித்து, வர்க்கித்து, 1ஐக் கூட்டினால் 5. அப்படியே 17, 257, 65537. ஐந்தும் முதன்மை எண்கள். இந்த வரிசை முழுவதும் அப்படித்தான் என்று 1640 அளவில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெர்மா நம்பினார். அடுத்து வருவதுதான் நம்முடைய எண்: 2இன் 32ஆம் வலுவுடன் (32 இரண்டுகளின் பெருக்கத்துடன்) 1ஐக் கூட்டியது.

3ஆல் வகுபடுமா? (மூதூர்)

படாது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 59; அது 3ஆல் வகுபடாததால் எண்ணும் வகுபடாது.

பிறகு யார் உடைத்தார்? எல்லா எண்களாலும் வகுத்துப் பார்த்தாரா? (கிண்ணியா)

சுவிஸ் கணிதவியலாளர் ஒய்லர், 1732இல். 641 × 6700417. இதன் முதன்மைக் காரணி எதுவானாலும் அதை 64ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். அப்படிப்பட்ட முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே கதவு திறந்துவிடுகிறது! இவ்வளவு அருகில் இருந்ததைப் பெர்மா காணாமல் விட்டாரே என்று எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

கணிப்பான் இல்லாமல் நிறுவ முடியுமா, ஐயா? (சாம்பல்தீவு)

முடியும், தம்பி. எனக்கு மிகவும் பிடித்த நிறுவல் இது. தாளும் பேனையும் எடுங்கள்.

641ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 5 × 128 + 1, 625 + 16. முதலாவதன்படி, 641ஆல் வகுக்கும்போது 640இன் மீதியை −1 என்று கொள்ளலாம். ஆகவே 640இன் நான்காம் வலு மீதி 1 தரும். அந்த வலுவைப் பிரித்தால் 625 × 2இன் 28ஆம் வலு. இரண்டாவதன்படி 625க்குப் பதில் −16 போடலாம். 16 என்பது 2இன் நான்காம் வலு. எனவே கிடைப்பது, கழித்தல் குறியுடன் 2இன் 32ஆம் வலு. அதன் மீதி 1 என்றால், 2இன் 32ஆம் வலுவுடன் 1ஐக் கூட்டியதும் மீதி பூச்சியம். பத்து இலக்கங்களில் ஒன்றைக்கூட நாம் தொடவில்லை, பாருங்கள்!

6700417ஐ மேலும் உடைக்கலாமா? (பாலையூற்று)

இல்லை, அது முதன்மை எண்.

இதனால் என்ன பயன்? நான் தச்சுவேலை செய்பவன். (தம்பலகாமம்)

உங்கள் கவராயத்துக்கே இதில் உறவு உண்டு, அண்ணை. கவராயமும் அளவு குறிக்காத நேர்விளிம்பும் மட்டும் கொண்டு 17 சமபக்க ஒழுங்கான பல்கோணியை வரையலாம் என்று 1796இல் 18 வயது ஜேர்மன் கணிதவியலாளர் கவுஸ் கண்டார். 7 பக்கம் முடியாது. பக்க எண்ணிக்கை முதன்மை எண்ணானால், அது இந்த வரிசையைச் சேர்ந்ததாக இருக்கவேண்டும்.

65537க்குப் பின் வேறு முதன்மை எண் உண்டா? (நிலாவெளி)

இதுவரை ஒன்றும் அகப்படவில்லை. 3ஐப் பூச்சியமாவது என்று எண்ணினால், 5ஆவது முதல் 32ஆவது வரை எல்லாம் உடைபடுபவை. 33ஆவதற்கு உலகில் எவரிடமும் விடையில்லை. அதை எழுதவே ஏறக்குறைய 259 கோடி இலக்கங்கள் வேண்டும்.