ஆலோசகர் என் மகனை வீடியோ கேம் விளையாட வைக்கிறார். இது முறையான சிகிச்சைதானா, பணம் வீணா?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், "காசையும் வாங்கிக்கொண்டு கேமும் காட்டுகிறார்களா?" என்று உங்கள் வீட்டிலும் யாரோ ஆரம்பித்துவிட்டார்கள் போலிருக்கிறது. எங்கள் வீட்டில் அப்படிக் கேட்டவர் என் கணவர். நான் மருத்துவர் இல்லை. எந்த கேம் நிறுவனத்துக்கும் ஆள் பிடிப்பவளும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; இல்லாவிட்டால் கீழே வந்து சண்டை போடுவீர்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி சிந்துபூந்துறையில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு சேற்றை அள்ளிப் போட்டோம், நனைந்த மெத்தைகளைத் தெருவில் எறிந்தோம். ஐந்தாம் வகுப்பு படித்த மகன் மட்டும் பழைய பிள்ளையாகத் திரும்பவில்லை. தூறல் விழுந்தாலே பள்ளிக்குப் போக மாட்டான். காரணம் கேட்டால் வாயே திறக்க மாட்டான். மந்திரித்துக் கயிறு கட்டியும் பார்த்தோம். பிறகுதான் பாளையங்கோட்டையில் ஓர் ஆலோசகர். (போய் வருவதே பெரும்பாடு. ஆற்றுப் பாலத்தைத் தாண்டுகிற தூரத்துக்கு ஆட்டோவில் போகும்போது ஒரு கட்டணம், வரும்போது இன்னொன்று. மழை என்றால் அதற்கும் மேல். மீட்டர் ஓடிய ஆட்டோவை இந்த ஊரில் யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்.)

அவரிடமும் பையன் பேசவில்லை. டேப்லெட்டில் மைன்கிராஃப்ட் என்ற, கட்டைகளை அடுக்கிக் கட்டும் கேமைத் திறந்து, "உனக்குப் பிடித்த மாதிரி ஒரு வீடு கட்டு" என்றார். மலை உச்சியில் அடுக்கடுக்காகக் கட்டினான். ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டில். ஆச்சியின் கட்டில் மட்டும் கடைசி மாடியில். "ஆச்சியால் படி ஏற முடியாதே?" என்றார் மேடம். "அதனால்தான் முன்கூட்டியே ஏற்றிவிட்டேன்" என்றான்.

வெள்ளத்தன்று மொட்டைமாடிக்கு முதலில் ஓடியவன் அவன். பின்னால் வந்த என் மாமியார் படியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. தான் கையைப் பிடித்து ஏற்றாததால்தான் ஆச்சி விழுந்தார் என்று அத்தனை மாதங்களும் மனதுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறான். கேம் செய்த வேலை அதை வெளியே கொண்டுவந்தது மட்டும்தான். மீதியெல்லாம் பேச்சில் நடந்தது. "உன்னை ஓடச் சொன்னதே நான்தானே ராசா" என்று மாமியார் சொன்ன அன்றைக்குத்தான் அவன் அழுதான்.

இது பாளையங்கோட்டையில் முளைத்த புதுமையும் அல்ல. நியூசிலாந்தில் மனச்சோர்வுள்ள வளரிளம் பருவத்தினருக்காகவே ஸ்பார்க்ஸ் என்ற கேமை உருவாக்கி, 187 பேரிடம் நடத்திய ஆய்வை 2012இல் வெளியிட்டார்கள்; வழக்கமான ஆலோசனைக்கு அது சளைக்கவில்லை. கவனக்குறைவுக் கோளாறு (ஏடிஹெச்டி) உள்ள 8 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு, மருத்துவர் சீட்டின் பேரில் தரும் எண்டெவர்ஆர்எக்ஸ் என்ற கேமுக்கு அமெரிக்காவில் 2020இல் அனுமதி கிடைத்தது. மைன்கிராஃப்ட் அந்த வகை அல்ல, கடையில் விற்கிற சாதாரண கேம்தான். அதனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பதே முக்கியம்.

"உலக சுகாதார நிறுவனமே கேமை நோய் என்கிறதே" என்பீர்கள். கட்டுப்பாடு இழந்து, மற்ற எல்லாவற்றையும் விட்டு, கெடுதல் தெரிந்தும் தொடர்ந்து ஆடுவதைத்தான் அது நோய் என்கிறது. ஆலோசகர் அருகில் இருக்க அரை மணி நேரம் ஆடுவதை அல்ல. அதற்காக வீட்டிலும் கொடுக்க வேண்டியதில்லை. நாங்கள் கொடுக்கவில்லை, அந்தச் சண்டை இன்றும் ஓடுகிறது.

உங்கள் ஆலோசகரிடம் நேராகவே கேளுங்கள்: ஏன் இந்த கேம், இதில் என் பிள்ளையிடம் என்ன கவனித்தீர்கள்? பதில் இல்லாமல், பையன் கையில் ஒரு போனைக் கொடுத்துவிட்டுத் தன் போனைப் பார்ப்பவர் என்றால் ஆளை மாற்றுங்கள். கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் இருக்கிறது, எண் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.