மூன்று நாள் விடுமுறையில் காட்ஸ்வோல்ட்ஸ்: எத்தனை கிராமங்கள் பார்க்கலாம்?

கேள்வி: வேலைக்காகச் சென்னையிலிருந்து இங்கிலாந்தின் ரெடிங் நகருக்கு வந்து ஏழு மாதமாகிறது. ஆகஸ்ட் கடைசித் திங்கள் பேங்க் ஹாலிடே, அதாவது பொது விடுமுறை என்பதால் சேர்ந்தாற்போல் மூன்று நாள் கிடைக்கிறது. மனைவி, ஐந்து வயது மகளோடு வாடகைக் கார் எடுத்து, காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் ஏழெட்டுக் கிராமங்களைப் பார்த்துவிட நினைக்கிறேன். இந்திய ஓட்டுநர் உரிமம் போதுமா? எப்படித் திட்டமிடுவது?

பதில்: உரிமம் போதும். குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் வரை இந்திய உரிமத்தில் கார் ஓட்டலாம். அதன் பிறகு இங்கே தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டித்தான் ஆகவேண்டும். வாடகை நிறுவனங்களுக்குத் தனி நிபந்தனைகள் உண்டு. ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். மகளுக்குக் குழந்தை இருக்கையும் சொல்லி வையுங்கள். 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம், எது முந்துகிறதோ அதுவரை அது கட்டாயம். மடியில் உட்காரவைக்கும் நம்மூர்ப் பழக்கம் இங்கே செல்லாது.

இனி அந்த ஏழெட்டுக் கிராமங்கள். பாதியாகக் குறையுங்கள். வரைபடத்தில் ஊருக்கு ஊர் எட்டு மைல்தானே என்று தோன்றும். அந்த எட்டு மைலில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன்.

இரு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் உயிர்வேலி; நடுவில் ஒரு கார் மட்டும் போகும் பாதை; அதன் நடுவிலும் புல் முளைத்திருக்கும். தொடக்கத்தில் வெள்ளை வட்டத்தில் குறுக்காகக் கறுப்புக் கோடு போட்ட பலகை நிற்கும். மணிக்கு 60 மைல், அதாவது 96 கி.மீ. வரை போகலாம் என்று பொருள். சட்டம் விடும், பாதை விடாது. நான் 25 மைலைத் தாண்டுவதில்லை.

எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடத்தைப் பாருங்கள். அது உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் போய் நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே உங்கள் பக்கத்திலேயே நின்று, எதிரில் வருபவர் அதில் ஒதுங்க விடுங்கள். என் முதல் கோடையில் வைக்கோல் ஏற்றிய டிராக்டருக்காக இருநூறு மீட்டர் பின்னோக்கியே ஓட்டினேன். முள்செடி கதவு நீளத்துக்குக் கோடு போட்டுவிட்டது. டிராக்டர்க்காரர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒற்றை விரலை உயர்த்திவிட்டுப் போனார். இவ்வூர் நன்றி அவ்வளவுதான். நீங்களும் உயர்த்துங்கள். ஹாரன் அடித்தால் திட்டுவதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். குதிரையைக் கடக்கும்போது வேகம் 10 மைலுக்குள், இடைவெளி குறைந்தது 2 மீட்டர்.

தங்குவதற்கு சைரன்செஸ்டர் போதும். ரோமானியர் காலத்து நகரம். ரெடிங்கிலிருந்து எம்4 நெடுஞ்சாலை வழியாக ஸ்விண்டன் வந்து ஏ419 சாலையில் திரும்பினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம், சனி விடியற்காலையில் கிளம்பினால். வெள்ளி மாலை மட்டும் வேண்டாம். பாதி லண்டனும் அப்போதுதான் மேற்கே கிளம்பியிருக்கும்.

வந்ததும் ஊருக்குள் நிற்காமல் நேரே பைபரி போங்கள். ஆர்லிங்டன் ரோ என்ற வீட்டு வரிசை, 14-ஆம் நூற்றாண்டில் கம்பளிக் கிடங்காகக் கட்டி, 17-ஆம் நூற்றாண்டில் நெசவாளர் வீடுகளாக மாற்றியது. இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னலில் எட்டிப் பார்க்காதீர்கள். பத்து மணிக்குப் பிறகு கார் நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும்.

ஞாயிறன்று ரோமானியர் போட்ட ஃபாஸ் வே சாலையில், ஏ429, வடக்கே போர்ட்டன்-ஆன்-த-வாட்டர். ஊர் கூட்டமாக இருக்கும். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வயல்வழி ஒற்றையடிப் பாதையில் லோயர் ஸ்லாட்டர் வரை நடந்து திரும்புங்கள். ஐந்து வயதுக் கால்களுக்குத் தாங்கும். பெயரைக் கேட்டு மனைவி முகம் சுளித்தால், அது கசாப்பைக் குறிப்பதல்ல, சேற்று நிலத்துக்கான பழஞ்சொல் என்று சொல்லிவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பப்பில் முன்கூட்டியே மேசை பிடித்து வையுங்கள். ஞாயிறு மூன்று மணிக்குள் பல இடங்களில் சமையலறையை மூடிவிடுவார்கள். பெரிய சூப்பர் மார்க்கெட்டும் ஞாயிறன்று ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கும். மகளுக்குத் தயிர்ச்சாதம் டப்பாவில் இருக்கட்டும்.

திங்களன்று இன்னோர் ஊர் வேண்டுமானால் நார்த்லீச். கம்பளிப் பணத்தில் எழும்பிய தேவாலயம் ஒன்று போதும். பதினொரு மணிக்குள் எம்4-ஐப் பிடித்துவிடுங்கள். வாடகைக் கிளை அன்று திறந்திருக்குமா என்பதைக் கார் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். விடுமுறைத் திங்களில் பல கிளைகள் மூடியிருக்கும், செவ்வாய் வரை வாடகை ஏறும்.